செருப்பு தெரிகிற அறை

செல்லச்சாமி மதுரையில் ஸ்கேன் மெஷினை விட்டு ஓடி வந்த கதை திருத்தங்கலில் தெரியாத ஆள் கிடையாது. டீக்கடையில் ஒருத்தர் ஆரம்பித்தால் போதும், நாலு பேர் சேர்ந்து முடித்து வைப்பார்கள். வால் எலும்புப் பக்கம் ஏதோ கட்டி மாதிரி இருக்கிறது, படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பச்சை அங்கியை மாட்டிவிட்டு, மனுஷனைக் குழாய்க்குள் தள்ளி, அறைக்கதவைச் சாத்தினார்கள். உள்ளே டக் டக்கென்று சத்தம் ஆரம்பித்ததுதான் தாமதம், விலாங்கு மீன் மாதிரி நழுவி இறங்கி, கதவைத் தள்ளிக்கொண்டு ஓடியே வந்துவிட்டார். சட்டையை விட்டார், வேட்டியை விட்டார், செல்போனை விட்டார், வராந்தாவில் உட்கார்ந்திருந்த மனைவி மாடத்தியையும் விட்டார். செருப்பை மட்டும் விடவில்லை.

அந்தப் பச்சை அங்கியோடேயே சிவகாசி பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தார். கண்டக்டர் அச்சங்குளத்துக்காரர். விஷயத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, "இங்கன வாங்க மாமா, படிக்குப் பக்கத்துல உக்காருங்க" என்று தன்னுடைய சீட்டையே விட்டுக் கொடுத்தாராம். பட்டாசு ஊர்க்காரனுக்குத்தானே பட்டாசு ஊர்க்காரன் மனசு தெரியும்!

கேட்பவர்களுக்கு இது சிரிப்புக் கதை. இந்தக் கதையில் மகளாக வருகிற அழகுமீனாவுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. மதுரையில் கட்டடம் வடிவமைக்கிற ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அம்மாவின் போனைக் கேட்டுவிட்டு ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குப் பறந்து போனால், அங்கே அப்பாவின் வேட்டி சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருக்கிறாள்.

"ஒங்கப்பன் என்னைய விட்டுட்டுப் போயிட்டாருத்தா" என்றாள் மாடத்தி. "செருப்ப மட்டும் மறக்கல பாரு. கட்டிக்கிட்டு வந்தவ ஞாபகம் இல்ல."

செல்லச்சாமியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைகள் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சின்ன அறை. நாலைந்து பேருக்கு மேல் உட்காரக் கூடாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வாசல். கதவெல்லாம் வெளியே பார்க்கத் திறக்கும். நுழையும்போது வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும். செருப்பை வெளியே விட வேண்டும், அதுவும் ஓடுகிற திசையைப் பார்க்கத் திருப்பி. அழகுமீனா பிறப்பதற்கு முந்தின வருடம் பக்கத்து அறையில் ஒரு சத்தம். செல்லச்சாமி எந்த வாசல் வழியாக வெளியே வந்தார் என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. நல்லவேளை, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வாசல் மட்டும் இல்லையென்றால் அழகுமீனாவே இல்லை, நமக்கும் கதை இல்லை.

ஆக, இன்னொரு வாசல் இல்லாத அறைக்குள் அந்தக் குடும்பம் நிம்மதியாக உட்காராது. கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசை. சினிமாக் கொட்டகையில் கதவோரம். அழகுமீனாவை முதலில் பெண் பார்த்தது விருதுநகரில் ஒரு வசதியான வீட்டார். அவர்கள் வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், காபி குடித்துக்கொண்டே இவள், "ஹாலுக்கு இன்னொரு வாசல் வைக்கலையா?" என்று கேட்டு வைத்தாள். வந்து நுழையும் முன்னே ஓடுவதற்கு வழி கேட்கிறாளே என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சுண்டிப் போனது. அந்தச் சம்பந்தம் அதோடு சரி. பிறகு அமைந்தவர் தீயணைப்பு நிலையத்துக்காரர். அவருக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போனது.

செல்லச்சாமியைத் தாஜா பண்ணி மறுபடியும் ஸ்கேனுக்குக் கூட்டிப் போனார்கள். அழகுமீனா உள்ளேயே உட்கார்ந்து, முடிகிற வரைக்கும் அவர் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கட்டி இருந்தது. அது புற்றுதான் என்று தெரிந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். ஒரு மாதத்தில் கம்பு ஊன்றி நடந்தார், பிறகு கம்பைத் தூக்கிப் பரண் மேல் போட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மாடத்தி கோயிலில் பொங்கல் வைத்தாள். டாக்டர் மட்டும் அழகுமீனாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்த மாதிரிக் கட்டி திரும்பி வந்தாலும் வரலாம்மா. வந்தா இன்னொரு தடவை கத்தி வைக்க முடியாது. கால் போயிரும். அப்ப அயனிக் கதிர்தான் சரியான வைத்தியம். நம்ம பக்கத்துல இன்னும் வரல."

அழகுமீனா அதை யாரிடமும் சொல்லவில்லை. 

அப்படி இருக்கும்போதுதான் ஒரு அறக்கட்டளை, மல்லாங்கிணறு பக்கம் கரிசல் காட்டில் அயனிக் கதிர் ஆஸ்பத்திரி ஒன்று கட்டப் போவதாக அவள் ஆபீஸுக்கு வந்தது. அவள் முதலாளியின் மேஜை முன்னால் போய் நின்று, "சிகிச்சை அறைய நான்தான் வரைவேன்" என்றாள். முதலாளி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விளக்கினாள். கரியின் அணு இருக்கிறதல்லவா, அதை உரித்து, ஒரு பெரிய வட்டக் குழாய்க்குள் விட்டு, சுற்றிச் சுற்றி வேகமேற்றி, ஒளியின் வேகத்தில் முக்கால்வாசிக்குப் பக்கமாகக் கொண்டு வந்து, உடம்புக்குள் அனுப்புவார்கள். எக்ஸ்ரே போகிற வழியெல்லாம் சுட்டுக்கொண்டே போகும். இது வழியில் அவ்வளவாக வம்பு பண்ணாது. நிற்கச் சொன்ன ஆழத்தில் போய் நின்று, அங்கேதான் தன் பலத்தை எல்லாம் இறக்கும்.

"அப்ப வானவெடின்னு சொல்லு" என்றார் செல்லச்சாமி.

"ஆமாப்பா. கிட்டத்தட்ட அதான்."

"நம்ம வெடியே சமயத்துல சொன்ன ஒசரத்துல வெடிக்காது. ஒங்க வெடி மட்டும் வெடிச்சிருமாக்கும்?"

"வெடிச்சிரும்ப்பா."

"ம்க்கும்" என்றார். அவ்வளவுதான் அவருடைய அபிப்பிராயம்.

வேலை ஆரம்பித்தது. கரிசல் மண் லேசுப்பட்டதல்ல. மழை வந்தால் உப்பும், வெயில் வந்தால் வெடிக்கும். அதன் மேல் மயிரிழை அசையக் கூடாத ஒரு மெஷினை உட்கார வைக்க வேண்டும். பாறை தட்டுகிற வரைக்கும் தூண் இறக்குவது என்று முடிவானது. அதில் அழகுமீனாவுக்குத் தூக்கம் கெடவில்லை. அவள் மானம் போனது வேறு இடத்தில்.

சிகிச்சை அறையின் முதல் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி எல்லோருக்கும் காட்டினாள். கதிர்க் கணக்குப் பார்க்கிற இயற்பியலாளர் கற்பகம் மேடம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தார். ஒரு பக்கம் வாசல். எதிர்ப்பக்கம் இன்னொரு வாசல். இரண்டு கதவும் வெளியே பார்க்கத் திறந்தன.

"அழகு, இந்த வாசல் யாருக்கு? நோயாளிக்கா, நியூட்ரானுக்கா?"

அறையே சிரித்தது. கதிர் உடம்பில் படும்போது நியூட்ரான் என்ற துகள்கள் நாலா பக்கமும் சிதறும். அவை வெளியே போகாமல் இருக்கத்தான், ஆள் படுத்தால் கால் நீட்டுகிற அளவுக்குத் தடிமனாகக் கான்கிரீட் சுவர் வைக்கிறார்கள். அந்தச் சுவரில் இவள் அழகாக ஓர் ஓட்டை போட்டு வைத்திருக்கிறாள். படித்தது அத்தனையும் தெரியும். ஆனால் கை திருத்தங்கல் கையாயிற்றே, அது தன் பாட்டுக்கு வரைந்துவிட்டது! அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று மாலையே அந்த வாசலை அழித்துவிட்டு, எல்லோரும் செய்கிறபடி ஒரே வழி வைத்தாள். நேராக நுழைய முடியாது. நடைபாதை ஒரு வளைவு வளைந்து, இன்னொரு வளைவு வளைந்து அறைக்குள் போகும். வளைந்து வளைந்து வருவதற்குள் நியூட்ரான் களைத்துவிடும். அதனால் வெளிவாசலுக்குக் கனத்த கதவே வேண்டாம், யாராவது குறுக்கே வந்தால் கதிரை நிறுத்துகிற மாதிரி ஓர் ஒளித் தடுப்பு போதும் என்றார் கற்பகம் மேடம்.

சிரித்தாளே தவிர, மனசுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. இந்த அறையில் படுக்கப் போகிறவர்கள் யார்? சாத்தூரும் சிவகாசியும் திருத்தங்கலும்தான். எல்லாம் செல்லச்சாமிகள். அதிலும் நிஜச் செல்லச்சாமியே ஒருநாள் வந்து படுக்க வேண்டியிருந்தால்? கான்கிரீட் ஊற்றிவிட்டால் பிறகு சாமியே வந்தாலும் மாற்ற முடியாது.

"ஊத்துறதுக்கு முன்னாடி, நிஜ அளவுல அட்டையில கட்டி, ஆளுகள உள்ள விட்டுப் பாத்திருவோம்" என்றாள். கற்பகம் மேடம் உடனே சரி என்றார்.

அட்டை என்றால் பைரோஜா. அழகுமீனாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது திருத்தங்கலில் பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி அடித்துக் கொடுக்கிறாள். போன வருடம் ஆடி மாதம், சீசன் உச்சத்தில் இருக்கும்போது போய் நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

"ஏ அழகு, ஒனக்கு மனசாட்சி இருக்கா? லோடு ஏத்தவே எடம் இல்லாம கெடக்கேன். கோடவுன்ல ஆஸ்பத்திரி கட்டணும்ங்குற!"

"ஒரு வாரம்தான்ட்டி."

"நல்ல அட்டையெல்லாம் ஆர்டருக்குப் போயிருச்சு. கலர் அப்பிப் போனதுதான் கெடக்கு. வேணும்னா எடுத்துக்க" என்று திட்டிக்கொண்டே கோடவுனில் பாதியைக் காலி பண்ணிக் கொடுத்தாள். கட்டி முடித்துப் பார்த்தால், புற்றுநோய் சிகிச்சை அறையின் சுவரெல்லாம் புஸ்வாணமும் தரைச்சக்கரமும். படுக்கைக்கு நேர் மேலே, 'பெரியவர்கள் மேற்பார்வையில் வெடிக்கவும்' என்று கொட்டை எழுத்தில். கற்பகம் மேடம் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார்.

பார்வையிடும் நாளன்று பட்டாசுக் கம்பெனி ஆட்கள் பத்து இருபது பேர் வந்திருந்தார்கள். செல்லச்சாமியும் மாடத்தியும் முதல் ஆளாக வந்து, கொடுத்த டீயைக் குடித்தார்கள். எல்லாரும் வரிசையாக உள்ளே போனார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், நல்லாருக்கு என்று சொன்னார்கள். ஒருத்தர்கூடப் படுக்கவில்லை.

"படுங்க அண்ணாச்சி" என்றால், "இருக்கட்டும் தாயி. இன்னொரு வாசல் எங்கன இருக்கு?"

"படுங்க மதினி" என்றால், "வாசல் எந்தப் பக்கம்? ரெண்டு திருப்பம் திரும்புனதுல தெசையே தெரியலயே."

கடைசியில் செல்லச்சாமி முன்னால் வந்தார். மகள் கட்டின அறை, நாமே படுக்காவிட்டால் எப்படி என்று வீறாப்பு. செருப்பைக் கழற்றி வெளியே பார்க்கத் திருப்பி வைத்தார். அட்டைச் சுவரின் ஓரத்தை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். உள்ளே போய்ப் படுத்தார். எல்லாரும் வெளியே போய்விட வேண்டும், கதிர் பாயும்போது உள்ளே ஆள் நிற்கக் கூடாது, அதையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். போனார்கள். உள்ளே அவர் மட்டும். கோடவுன் அமைதியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்தா வெளியே லோடு வண்டிக்காரன் பின்கதவைப் படாரென்று சாத்த வேண்டும்!

அடுத்த நொடி, புஸ்வாணச் சுவரைக் கிழித்துக்கொண்டு செல்லச்சாமி வெளியே நின்றார். தோளில் ஒரு துண்டு தரைச்சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. கோடவுனே கொல்லென்று சிரித்தது. கற்பகம் மேடத்தாலும் அடக்க முடியவில்லை. "நியூட்ரான விட வேகமா வந்துட்டாரே சார்!" என்றார். மாடத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த மனுசன வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்?"

அழகுமீனாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பைரோஜாவின் ஆபீஸ் அறைக்குள் போய், நாற்காலியில் உட்கார்ந்து, அழுதாள். நிஜச் சுவர் கிழியாது. நிஜமாகவே கட்டி திரும்பி வந்தால், நிஜ அறையில் அப்பா படுக்க மாட்டார். ஓடுவார். வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்துகொள்வார். ஊர் சிரிக்கும். அப்புறம் அந்தக் கட்டி அவரைத் தின்றுவிடும். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியைக் கட்டி, பெத்த அப்பனைப் படுக்க வைக்க முடியாவிட்டால் நான் என்ன படித்துக் கிழித்தேன் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே அப்பா. அட்டைக் கட்டின் மேல் தனியாக உட்கார்ந்து, கிழிந்த சட்டைக் கையைத் தடவிக்கொண்டிருக்கிறார். கூச்சத்தில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் அப்பா இருப்பது கோடவுனின் அந்தக் கோடியில், சுவருக்கு அந்தப் பக்கம். இங்கிருந்து எப்படித் தெரிகிறது? அப்புறம்தான் கவனித்தாள். மூலையில் ஒரு கண்ணாடி. லோடு ஏற்றுகிறவர்கள் ஓபி அடிக்கிறார்களா என்று சீட்டை விட்டு எழுந்திருக்காமலே பார்க்க பைரோஜா மாட்டி வைத்தது.

அழகுமீனா ஓடிவந்து கற்பகம் மேடத்தின் கையைப் பிடித்தாள். "மேடம், நடைபாதை வளையுற எடத்துல கண்ணாடி வச்சா? கதிர் கண்ணாடியில பட்டுத் திரும்பி வெளிய வந்துருமா?"

கற்பகம் மேடம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஒளிதான் கண்ணாடியில பட்டுத் திரும்பும். நியூட்ரான் கண்ணாடிய மதிக்காது. அதுக்கு அது சும்மா ஒரு சில்லு." பிறகு அவர் முகமும் மலர்ந்தது. "வைங்க, வைங்க! கணக்க நான் ஒரு தடவை போட்டுப் பாத்துர்றேன்."

பைரோஜா மறுபடியும் திட்டினாள். திட்டிக்கொண்டே வீட்டுக்கு ஆள் அனுப்பி, கல்யாணச் சீராக வந்த டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியைக் கழற்றி வரச் சொன்னாள். "ஒடஞ்சா எங்க வீட்டுக்காருக்கு நீதான் பதில் சொல்லணும்." இன்னொன்று எதிர்த்த சலூனிலிருந்து வந்தது. ஒரு வளைவில் இது, இன்னொரு வளைவில் அது. சாய்த்து, திருப்பி, அட்டையை மடித்து முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். கிழிந்த சுவரில் புது அட்டை ஒட்டினார்கள்.

"யப்பா, இன்னொரு தடவ" என்றாள் அழகுமீனா.

"வேண்டாம்த்தா. ஊரே சிரிக்குது."

"எனக்காகப்பா."

அவர் எழுந்தார். செருப்பை விட்டார், வெளியே பார்க்கத் திருப்பினார், ஓரத்தைத் தொட்டார், போனார், படுத்தார். எல்லாரும் வெளியே வந்தார்கள். அழகுமீனா வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தாள்.

"யப்பா, தலைய லேசா எடப்பக்கம் திருப்புங்க. என்ன தெரியுது?"

"செவுரு."

"கண்ணாடியப் பாருங்க."

"சலூன்காரன் பேரு தெரியுது."

பைரோஜா ஓடிப்போய்ச் சலூன் கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்தாள்.  

"இப்பப்பா?"

"தெரியுது."

"என்ன தெரியுது?"

"என் செருப்பு" என்றார் செல்லச்சாமி. "கோடவுன் வாசல் வெயில்ல கெடக்கு. ரெண்டும் வெளிய பாத்து கெடக்கு."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அழகுமீனா காத்திருந்தாள். கூப்பிட்டுப் பார்த்தாள். பதிலில்லை. மாடத்தி ஓடினாள். உள்ளே எட்டிப் பார்த்தால், மனுஷன் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறார். 'பெரியவர்கள் மேற்பார்வையில் வெடிக்கவும்' என்ற எழுத்துக்குக் கீழே அப்படி ஒரு தூக்கம்.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லாரும் படுத்துப் பார்த்தார்கள். வாசலில் செருப்பு விட இடம் போதவில்லை என்று சண்டையே வந்தது. இன்றைக்கு அந்த வரைபடத்தில், வெளிவாசலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் இருக்கும். மெஷின் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனி அது என்ன என்று கேட்டு எழுதியது. செருப்பு விடும் இடம், இதை நகர்த்தக் கூடாது என்று பதில் போனது. அவர்களுக்கு என்ன புரிந்ததோ, சரி என்று எழுதிவிட்டார்கள். கான்கிரீட்டும் ஊற்றியாகிவிட்டது.

அதெல்லாம் பிறகு. அன்றைக்குச் சாயங்காலம் பைரோஜாவோடு பேசிக்கொண்டிருந்த மாடத்தியை விட்டுவிட்டு, அழகுமீனா அப்பாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். ரயில்வே கேட்டைத் தாண்டினார்கள். அப்புறம் அவர் அவள் காதுப் பக்கம் குனிந்தார்.

"ஏத்தா, அந்த டாக்டர் ஒன்னத் தனியாக் கூப்பிட்டு என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியும்."

அவள் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள்.

"பக்கத்து ரூம்லதான உக்காந்திருந்தேன். கதவோரமா" என்றார். "நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன். அது திரும்ப வராது. வந்தா வரட்டும். நீ கட்டுன ரூமுல நான் படுத்துக்கிடுறேன்."

அழகுமீனாவுக்கு ரோடு தெரியவில்லை. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினாள். திரும்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. செல்லச்சாமி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னத்தா," என்றார், "பெட்ரோல் தீந்துருச்சா?"